பெயர் பொறிக்காத கிண்ணம் யாருக்கு?

ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தில் எவ்வளவு தங்கம் இருக்கிறது? விதிப்படி ஆறு கிராம் இருந்தால் போதும். மற்றதெல்லாம் வெள்ளி, தங்கம் அதன்மேல் பூசிய முலாம்தான். முழுக்கத் தங்கத்தால் செய்த பதக்கங்களைக் கடைசியாக வழங்கியது 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் மிகச் சிறந்த விளையாட்டாளர்கள் வெள்ளிப் பதக்கத்தைத்தான் தங்கப் பதக்கம் என்று கழுத்தில் அணிந்துகொள்கிறார்கள். அதனால் யாரும் அதைக் குறைவாக மதித்ததில்லை.

ஆஸ்கார் சிலையின் கதையும் இப்படித்தான். 1929 முதல் வழங்கப்படும் அந்தச் சிலை ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் உயரமும் 3.85 கிலோகிராம் எடையும் கொண்டது. பல பத்தாண்டுகளாக அதைப் பிரிட்டானியா உலோகத்தில் வார்த்துத் தங்க முலாம் பூசினார்கள். அந்த உலோகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெள்ளீயம். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் நம் நாட்டு ஈயச் சுரங்கங்கள் தோண்டியெடுத்ததும் இதே வகை உலோகம்தான். 1885-இல் கோலாலம்பூரில் யோங் கூன் தொடங்கி, இன்று ராயல் சிலாங்கூர் என்று வளர்ந்திருக்கும் பட்டறையின் பியூட்டர் குவளையும் ஆஸ்கார் சிலையும் ஒரே உலோகக் குடும்பம். இரண்டாம் உலகப் போரின்போது உலோகத் தட்டுப்பாடு வந்ததால், மூன்று ஆண்டுகள் வண்ணம் பூசிய பிளாஸ்டர் சிலையைக்கூடக் கொடுத்தார்கள். 2016 முதல் வெண்கலத்தில் வார்க்கிறார்கள்.

கிரிக்கெட்டில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடரின் சின்னம் இதைவிட எளியது. ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் உயரமுள்ள சுடுமண் கலசம் அது. 1882-83 பயணத்தின்போது இங்கிலாந்து அணித்தலைவர் ஐவோ பிளைக்கு ஆஸ்திரேலியாவில் விளையாட்டாகக் கொடுத்த அன்பளிப்பு. வென்ற அணி அதை வீட்டுக்குக் கொண்டு போவதுகூட இல்லை. லார்ட்ஸ் மைதானத்தின் அருங்காட்சியகத்திலேயே அது இருக்கிறது.

அப்படியானால் கிண்ணத்துக்கும் பதக்கத்துக்கும் மதிப்பு எங்கிருந்து வருகிறது? அதில் யாருடைய பெயர் இருக்கிறது, அது யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதிலிருந்துதான் வருகிறது என்பேன். நம் பள்ளிகளும் பல்கலைக்கழக மன்றங்களும் இதை மறந்து வருகின்றன. கிண்ணங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. அவற்றில் பெயர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

கரைத்த பிறகும் அழியாத பெயர்

பெயருக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை நோபல் பதக்கங்களின் கதை ஒன்று காட்டுகிறது.

ஜெர்மனியின் இயற்பியலாளர்கள் மேக்ஸ் வான் லாவ், ஜேம்ஸ் பிராங்க் ஆகிய இருவரும் தங்கள் நோபல் பதக்கங்களை டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் உள்ள நீல்ஸ் போரின் ஆய்வுக்கூடத்தில் பாதுகாப்புக்காக வைத்திருந்தார்கள். நாட்டைவிட்டுத் தங்கத்தை வெளியே அனுப்புவது நாஜி ஆட்சியில் கடுமையான குற்றம். 1940 ஏப்ரலில் ஜெர்மன் படை கோப்பன்ஹேகனுக்குள் நுழைந்தது. பதக்கங்கள் சிக்கினால் அவை யாருடையவை என்று விசாரிக்கவே வேண்டாம். உரியவரின் பெயர் ஒவ்வொன்றிலும் பொறிக்கப்பட்டிருந்தது.

அங்கே பணியாற்றிய வேதியியலாளர் ஜார்ஜ் டி ஹெவெசி ஒரு வழி கண்டார். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த இராஜதிராவகம் தங்கத்தைக் கரைக்கும். அவர் இரு பதக்கங்களையும் அதில் கரைத்து, புட்டியை அலமாரியில் மற்ற புட்டிகளோடு வைத்துவிட்டார். தேடி வந்தவர்களுக்கு அது ஏதோ ஓர் இரசாயனமாகத்தான் தெரிந்தது. போர் முடிந்த பிறகு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுத்து சுவீடனுக்கு அனுப்பினார்கள். அதே தங்கத்தில் பதக்கங்களை மீண்டும் வார்த்துக் கொடுத்தார்கள். பிராங்க் தம் பதக்கத்தை 1952-இல் மறுபடியும் பெற்றார்.

வேதியியல் படிக்கும் நண்பர்களுக்கு இது ஒரு நல்ல பாடம். எனக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. உலோகம் கரைந்து வடிவமே இல்லாமல் போனது. ஆனாலும் அது யாருக்கு உரியது என்பது பதிவில் இருந்தது. அந்தப் பதிவு இருந்ததால்தான் பதக்கம் மீண்டும் பதக்கமானது. பதிவு இல்லாவிட்டால் அது வெறும் தங்கக் கட்டிதான்.

ஆஸ்கார் விழாவிலும் மேடையில் தரப்படும் சிலையில் பெயர் இருக்காது. முடிவு இரகசியம் என்பதால் முன்கூட்டியே பொறிக்க முடியாது. விழா முடிந்ததும் நடக்கும் விருந்தில் வெற்றியாளர்கள் வரிசையில் நின்று தங்கள் பெயர்த் தகட்டைச் சிலையில் பொருத்திக்கொள்கிறார்கள். உலகமே அறிந்த நடிகருக்கும் அந்தத் தகடு தேவைப்படுகிறது.

கைமாறும்போதுதான் கதை வளர்கிறது

பெயருக்கு அடுத்தது கைமாறுதல். காற்பந்து உலகக் கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். ஜூல்ஸ் ரிமே கிண்ணம் எனப்பட்ட பழைய கிண்ணத்தை மூன்று முறை வெல்லும் நாடு நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. இரண்டாம் உலகப் போரின்போது அதைக் காப்பாற்ற, இத்தாலியின் ஒட்டோரினோ பராசி ஒரு காலணிப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தார். 1966-இல் லண்டனில் ஒரு கண்காட்சியிலிருந்து அது திருடுபோனது. ஒரு வாரத்தில் பிக்கிள்ஸ் என்ற நாய் அதைக் கண்டுபிடித்தது. 1970-இல் பிரேசில் மூன்றாவது முறையாக வென்று, கிண்ணத்தைச் சொந்தமாக்கிக்கொண்டது. 1983-இல் ரியோ டி ஜெனிரோவில் மறுபடியும் திருடுபோனது. இன்றுவரை கிடைக்கவில்லை.

அதற்குப் பின் வந்த கிண்ணத்தை இத்தாலியச் சிற்பி சில்வியோ கசானிகா வடிவமைத்தார். 36.8 சென்டிமீட்டர் உயரம். 18 காரட் தங்கம். அடியில் பச்சை நிற மாலகைட் கல் வளையங்கள். 1974-இல் முதன்முதலாக வழங்கப்பட்டது. இதை எத்தனை முறை வென்றாலும் யாரும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. வெற்றி பெற்ற நாட்டுக்குத் தங்க முலாம் பூசிய வெண்கல நகல் கிடைக்கும். அசல் கிண்ணத்தின் அடிப்பகுதியில் அந்த நாட்டின் பெயர் ஏறும்.

இந்த முறையை இன்னும் அழகாகச் செய்பவர்கள் வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கிக்காரர்கள். கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த லார்ட் ஸ்டான்லி 1892-இல் பத்து கினி விலையில் ஒரு வெள்ளிக் கிண்ணம் வாங்கித் தந்தார். அதுதான் ஸ்டான்லி கிண்ணம். வெல்லும் அணியின் பெயரோடு அதன் ஒவ்வொரு வீரரின் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியலால் தட்டிப் பதிக்கிறார்கள். பெயர்கள் கூடக்கூடக் கிண்ணத்தின் அடியில் வளையங்களைச் சேர்த்தார்கள். இப்போது ஒரு வளையத்தில் 13 அணிகளுக்கு இடம். எல்லா வளையங்களும் நிரம்பிவிட்டால், மிகப் பழைய வளையத்தைக் கழற்றி டொரொண்டோவில் உள்ள அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டுப் புதிய வளையத்தைப் பொருத்துகிறார்கள். 1972-இல் வென்ற பாஸ்டன் அணியின் பெயரில் 'ஓ' வரவேண்டிய இடங்களில் 'க்யூ' விழுந்துவிட்டது. அதையும் அப்படியே விட்டுவிட்டார்கள். வெற்றி பெற்ற அணியின் ஒவ்வொரு வீரரும் ஒரு நாள் அந்தக் கிண்ணத்தைத் தம் ஊருக்குக் கொண்டு போகலாம்.

பத்து கினிக்கு வாங்கிய கிண்ணம் அது. இன்று ஒரு வீரரின் வாழ்நாள் கனவு, அதில் தம் பெயர் ஏறுவது.

நம் மண்ணின் கிண்ணங்கள்

இதற்கெல்லாம் கனடாவரை போக வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே இப்படிப்பட்ட கிண்ணங்கள் உண்டு.

மலேசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டி ஒரு போர்க்கப்பலின் பெயரில் தொடங்கியது. கூட்டு மலாய் மாநிலங்கள் பணம் கொடுத்துப் பிரிட்டனுக்காகக் கட்டிய கப்பல் எச்.எம்.எஸ். மலாயா. அந்த மாநிலங்களின் செல்வத்துக்கு ஈயமும் ரப்பரும் பெரிய ஊற்று. தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் முன்னோரின் உழைப்பும் அதற்குள் இருக்கிறது. 1921-இல் அந்தக் கப்பல் இங்கு வந்தபோது கிடைத்த வரவேற்புக்கு நன்றியாக, கப்பலைச் சேர்ந்தவர்கள் காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரண்டு கிண்ணங்களை அன்பளிப்புச் செய்தார்கள். அந்த ஆண்டே நடந்த முதல் காற்பந்து இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்ற கோல் கணக்கில் சிலாங்கூரை வென்றது. ஜப்பானியர் காலத்தில் போட்டி நின்றுபோய், 1948-இல் மீண்டும் தொடங்கியது. அதே 1948-இல்தான் அந்தப் போர்க்கப்பல் பழைய இரும்பாக உடைபடப் போனது. கப்பல் போய்விட்டது. அது விட்டுச்சென்ற போட்டி 1967-இல் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறி, இன்றும் நடக்கிறது.

பூப்பந்தின் தாமஸ் கிண்ணமும் அப்படித்தான். அனைத்துலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் முதல் தலைவர் சர் ஜார்ஜ் தாமஸ் 1939-இல் அதை வழங்கினார். மூடியின் உச்சியில் ஓர் ஆட்டக்காரர் மட்டையோடு நிற்கும் கிண்ணம். போர் மூண்டதால் முதல் போட்டிக்குப் பத்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1949-இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் நடந்த முதல் இறுதியாட்டத்தில் டென்மார்க்கை 8-1 என்று வென்றது மலாயா. அப்போது நாம் சுதந்திர நாடுகூட இல்லை. வோங் பெங் சூன் போன்ற சிங்கப்பூர் ஆட்டக்காரர்களும் அந்த அணியில் இருந்தார்கள். 1952, 1955, 1967, 1992 என்று மேலும் நான்கு முறை கிண்ணம் நம்மிடம் வந்தது. இந்த ஐந்து ஆண்டுகளையும் இந்நாட்டுப் பூப்பந்து இரசிகர்கள் தலைகீழாகச் சொல்வார்கள். வெற்றிகளைப் பெயரோடும் ஆண்டோடும் எழுதிவைத்ததால்தான் அது முடிகிறது.

அலமாரியில் நின்றுபோன பெயர்கள்

இப்போது நம் பள்ளிகளுக்கு வருவோம்.

பல பள்ளி அலுவலகங்களுக்கு முன்னால் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். உள்ளே கறுத்துப்போன சுழற்கிண்ணங்கள். மரப்பீடத்தைச் சுற்றிச் சிறு தகடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆண்டு, ஒரு பெயர். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, 100 மீட்டர் ஓட்டம், சிறந்த இல்லம். வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தால் ஓர் ஆண்டோடு பெயர்கள் நின்றுவிடும். அதற்குப் பிறகும் போட்டி நடந்திருக்கும். பெயர் பொறிக்கும் வழக்கம் மட்டும் நின்றிருக்கும்.

அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவை நெகிழிக் கிண்ணங்கள். கடையில் அட்டைப்பெட்டியோடு வாங்கலாம். ஒரு வில்லையில் 'முதல் நிலை', 'இரண்டாம் நிலை' என்று அச்சடித்து ஒட்டினால் வேலை முடிந்தது. வென்றவர் பெயர் எங்கும் இருக்காது. பல்கலைக்கழக மன்றங்களிலும் இதே கதைதான். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு புலனக் குழுவில் 'கிண்ணம் எத்தனை வேண்டும்?' என்று கேட்போம். எண்ணிக்கை சொல்வோம். பெயரைப் பற்றிப் பேச்சே வராது. ஐந்தாண்டு கழித்து அந்தக் கிண்ணத்தைப் பார்ப்பவருக்கு, வென்றவர் அக்காவா தம்பியா என்றுகூடத் தெரியாது. கடைசியில் அது குப்பைக்குப் போகிறது.

இதில் என்ன பெரிய இழப்பு என்று கேட்கலாம். நாட்டின் பழைய தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன; மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள்; மாணவர் குறைந்து சில பள்ளிகள் மூடப்பட்டன, சில வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டன. அங்கே படித்த ஒரு சிறுமி ஆறாம் ஆண்டில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்திருப்பாள். நாளிதழில் அவள் பெயர் வந்திருக்காது. வீட்டில் புகைப்படக் கருவி இருந்திருக்காது. அவள் வென்றதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி, ஒரு சுழற்கிண்ணத்தின் பீடத்தில் உள்ள சின்னத் தகடாக இருக்கலாம். பள்ளி இடம் மாறும்போது நாற்காலி மேசைகளைக் கணக்கெடுத்து ஏற்றுகிறார்கள். அந்தக் கிண்ணத்தை யார் கணக்கெடுத்தார்கள்?

சிங்கப்பூர் நண்பர்களுக்கும் இது பொருந்தும். 2019-இல் அங்கு எட்டுத் தொடக்கக் கல்லூரிகள் நான்காக இணைந்தன. பள்ளிகள் இணையும்போது பெயரும் சீருடையும் மாறுகின்றன. அப்போது பழைய மாணவர்களை அவர்கள் படித்த இடத்தோடு கட்டிவைப்பவை இத்தகைய சின்னங்கள்தான்.

பெரிய மனிதர்களின் வரலாற்றை நூல்கள் பார்த்துக்கொள்ளும். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளின் வரலாற்றைப் பள்ளி அலமாரிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"வீட்டுக்குக் கொண்டுபோக என்ன இருக்கும்?"

சுழற்கிண்ணத்துக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் காரணம் இது. வென்ற மாணவர் ஓராண்டில் கிண்ணத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். வீட்டில் காட்ட ஒன்றும் இருக்காது என்பார்கள். நியாயமான கேள்விதான். உலகக் கிண்ணம் இதற்கு நகல் என்ற விடையையும், ஸ்டான்லி கிண்ணம் ஒரு நாள் ஊருக்குக் கொண்டு போகலாம் என்ற விடையையும் தருகின்றன. நம்மால் பெயர் பொறித்த ஒரு சின்னப் பதக்கமாவது கொடுக்க முடியும். பெயரில்லாத இரண்டடி நெகிழிக் கோபுரத்தைவிட, பெயருள்ள உள்ளங்கையளவு பதக்கத்தைத்தான் யாரும் இருபது ஆண்டுகள் பத்திரப்படுத்துவார்கள்.

இரண்டாவது காரணம் செலவு. பெயர் பொறிக்கக் கூடுதல் பணமும் நேரமும் ஆகும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாங்கும் கிண்ணங்களின் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு முறை வாங்கிய நல்ல சுழற்கிண்ணத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தகடு போதும்.

மூன்றாவது, எல்லாப் பிள்ளைகளையும் ஊக்கப்படுத்த வேண்டும், அதற்குப் பல கிண்ணங்கள் வேண்டும் என்பது. இதை நான் மறுக்கவில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு பதக்கம் கிடைப்பதில் தவறே இல்லை. ஆனால் ஊக்கம் கிண்ணத்தின் உயரத்திலிருந்து வருவதில்லை. தனக்கு முன்னால் அதே கிண்ணத்தை வாங்கியவர்களின் பெயர்களைப் படித்து, அடுத்த வெற்று இடத்தில் தன் பெயரைக் கற்பனை செய்து பார்க்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் ஊக்கம் வேறு. அந்தப் பட்டியலில் தன் அம்மாவின் பெயரோ சித்தப்பாவின் பெயரோ இருந்துவிட்டால், அதைப்பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நாமே தொடங்கலாம்

இதற்கு அமைச்சின் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாணவர்களாகிய நாமே சிலவற்றைச் செய்யலாம்.

முதலில், பள்ளி அலமாரியைத் திறக்க அனுமதி கேளுங்கள். வரலாற்றுக் கழகமோ தமிழ்மொழிக் கழகமோ இதைப் பொறுப்பேற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு கிண்ணத்தையும் ஒவ்வொரு தகட்டையும் கைப்பேசியில் படம் எடுத்து, பெயர், ஆண்டு, போட்டி என்று பட்டியலிடுங்கள். சில சனிக்கிழமைகள் போதும். அந்தப் பட்டியலை முன்னாள் மாணவர் சங்கத்துக்குக் கொடுத்தால், விடுபட்ட ஆண்டுகளை நிரப்ப ஆட்கள் தாமாகவே வருவார்கள்.

அடுத்து, முக்கியமான ஒவ்வொரு போட்டிக்கும் ஒரே ஒரு சுழற்கிண்ணம் என்ற வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவோம். புதிதாக வாங்கத் தேவையில்லை. கறுத்த கிண்ணத்தை மெருகேற்றலாம். தகட்டுக்கு இடமில்லை என்றால் ஸ்டான்லி கிண்ணத்தைப் போல அடியில் இன்னொரு மர வளையம் சேர்க்கலாம். பொருளைப் பற்றித் தயங்க வேண்டாம். தோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்கான உலோகத்தையே ஜப்பானிய மக்கள் கொடுத்த பழைய மின்னணுச் சாதனங்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அவற்றில் ஏறத்தாழ 62 இலட்சம் கைப்பேசிகளும் அடங்கும். பாரிஸ் ஒலிம்பிக் பதக்கம் ஒவ்வொன்றிலும் ஐஃபல் கோபுரத்திலிருந்து எடுத்த 18 கிராம் இரும்பு இருந்தது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஒரு கதை இருந்தால் பழைய பொருளுக்கும் பெருமை உண்டு. மூடப்பட்ட ஒரு தோட்டப்பள்ளியின் மேசைப் பலகை ஒரு சுழற்கிண்ணத்துக்குப் பீடமானால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கடைசியாக, பள்ளி இடம் மாறினாலோ இணைந்தாலோ, கிண்ணங்களும் கணக்கெடுப்பில் வரவேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் புதிய கட்டடத்தில் வைக்க இடமில்லாமல் போகலாம். கிண்ணத்தை விட்டாலும், தகடுகளைக் கழற்றி ஒரு பலகையில் பொருத்தி மாட்டலாம். அதற்கு ஒரு சுவரின் ஓரம் போதும்.

பல்கலைக்கழக மன்றங்களில் இருக்கும் என் வயது நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பேச்சுப் போட்டிக்கோ காற்பந்துப் போட்டிக்கோ கிண்ணம் வாங்கும்போது, எத்தனை என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். யார் பெயரை எங்கே பொறிக்கப் போகிறோம் என்றும் கேளுங்கள். எழுத்துப் பிழையில்லாமல், தமிழில் பொறியுங்கள். பிழை விழுந்துவிட்டாலும் பரவாயில்லை. பாஸ்டன் அணிக்காரர்கள் அதோடுதான் வாழ்கிறார்கள்.